எல்வீராவின் பதினான்காம் தாள்

தெற்குக் காற்று அடித்தால் எங்கள் ஊரில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆலையில், லித்துவேனியா முழுக்கச் செத்த மாடு பன்றிகளையெல்லாம் லாரியில் கொண்டுவந்து கொட்டி, அண்டா அண்டாவாக வேகவைத்துக் கொழுப்பும் எலும்புத்தூளும் எடுக்கிறார்கள். அந்த நாற்றம் ரொட்டியில் ஒட்டும், தலைமுடியில் ஒட்டும், பல் துலக்கிய வாய்க்குள்ளேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் எனக்குக் குடலைப் புரட்டியது அது மட்டுமல்ல. யாரையாவது நிறுத்தி என்ன நாற்றம் என்று கேட்டால், "இன்னிக்குக் காத்து சரியில்ல" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். காற்று என்ன பாவம் செய்தது? ஆலை முதலாளி வைதோதஸின் பெயரைச் சொல்ல ஊரில் ஒருவருக்கும் நாக்கு வராது.

நான் தெக்லே. கெர்வுபே பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு, நகலெடுப்பு, கூட்டக் குறிப்பு எல்லாம் என் தலையில்தான். நான் இங்கே சொல்ல வந்தது எல்வீரா பார்ட்குதேயைப் பற்றி. எங்கள் ஆங்கில டீச்சர். எங்கள் மொழியில் கல்யாணம் ஆகாத பெண்ணின் குடும்பப் பெயர் வேறு மாதிரி முடியும், அதனால் யாரும் அவளிடம் கேட்டதில்லை. நெடுநெடுவென்ற உயரம், எந்தக் குளிர்காலத்திலும் அதே பழுப்புக் கோட்டு. மாடிக் குடியிருப்பில் மூன்றாவது தளத்தில் ஒரு குண்டுப் பூனையோடு இருந்தாள். இலையுதிர்காலத்தில் நாங்கள் இருவரும் காளான் பொறுக்கக் காட்டுக்குப் போவோம். நல்ல காளான் கிடைக்கும் இடங்களை என்னிடம்கூடக் காட்டமாட்டாள். அந்தப் பக்கம் நரி இருக்கிறது என்று என்னைப் பச்சைக் குழந்தையைப் போல வேறு பக்கம் அனுப்பிவிடுவாள்.

பள்ளிக்கு வந்தபோது அவள் ரஷ்ய மொழி டீச்சர். சோவியத்திடமிருந்து நாடு விடுதலையானதும் ரஷ்யன் யாருக்கும் வேண்டாம் என்றாகிவிட்டது. எல்லோருக்கும் ஆங்கிலம் வேண்டும், சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் ரஷ்யன் டீச்சர்களையெல்லாம் பிடித்து, இரண்டு வருடத்தில் ஆங்கில டீச்சர்களாக மாறிவிடுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். எல்வீராவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சனிக்கிழமை தோறும் பேருந்தில் பனெவேஜிஸ் போய்ப் படித்துவிட்டு வருவாள். வார இறுதியில் ஐந்தாம் பாடம் படித்தால் திங்கட்கிழமை ஐந்தாம் பாடம் நடத்துவாள். மற்ற டீச்சர்கள் பிறந்ததிலிருந்தே லண்டனில் இருந்த மாதிரி மூக்கால் பேசித் திரிந்தார்கள். இவள் மட்டும் வகுப்பில் நின்று, "எனக்கும் தெரியாது, பாத்துச் சொல்றேன்" என்பாள். பிள்ளைகளுக்கு அதனாலேயே அவளைப் பிடித்துப் போனது.

இங்கிலாந்தில் அச்சிட்ட பாடப் புத்தகங்கள் வந்தன. அதில் யாரோ ரயிலைத் தவறவிட்டார்கள், யாரோ ஹோட்டலில் ஆரஞ்சு ஜாம் கேட்டார்கள். கெர்வுபேக்கு ரயிலும் இல்லை, ஹோட்டலும் இல்லை. எல்வீரா அந்தப் புத்தகங்களை அலமாரியில் பூட்டிவிட்டுத் தானே தாள் போட ஆரம்பித்தாள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் லித்துவேனியச் சொல், கீழே இரண்டு மொழியிலும் வாக்கியங்கள். அந்த வாக்கியங்களைப் பிள்ளைகளே கொண்டுவர வேண்டும். தன் வீட்டில், தன் தெருவில் நடந்ததாக இருக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும். கொண்டுவந்த பிள்ளையின் பெயரின் முதல் எழுத்து வாக்கியத்துக்குக் கீழே இருக்கும். வகுப்பில் யார் ஆங்கில வாக்கியத்தைச் சொன்னாலும், சொன்ன கையோடு அதையே நம் மொழியிலும் சொல்ல வேண்டும். அது அவள் வகுப்பின் சட்டம்.

எதற்கு இத்தனை கெடுபிடி என்று ஒருநாள் கேட்டேன்.

"பொய்ய நம்ம பாஷையிலயே வேண்டிய மட்டும் சொல்றோம் தெக்லே. அதுக்கு இன்னொரு பாஷை வேற படிக்கணுமா?"

அந்தத் தாள்களில் பதினான்காவது, ஒன்றால் ஒன்று ஆவதைச் சொல்லும் சொற்களுக்கானது. உண்டாக்குவது, தூண்டிவிடுவது, வழிவகுப்பது, விளைவிப்பது, கொண்டுபோய் விடுவது என்று எட்டுச் சொல். உண்டாக்குவதற்கு, அதாவது ஒன்றை நடக்கச் செய்வதற்கு, எங்கள் மொழியில் சுகெல்தி என்போம். பரீட்சையில் இந்தச் சொற்கள் கட்டாயம் வரும். ஊரில் பாதிப் பேர் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள், மீதிப் பேர் போவதற்காகப் படிக்கிறார்கள். அதனால் பிள்ளைகள் வாக்கியங்களை ஒழுங்காகவே கொண்டுவந்தார்கள். மாமாவின் குடி அத்தையை டப்ளினுக்குக் கொண்டுபோய் விட்டது என்று ஒன்று. பாலத்துப் பனிக்கட்டி அண்ணனின் கால் முறிய வழிவகுத்தது என்று ஒன்று. ஆலைப் புகை அம்மாவுக்குத் தினமும் வாந்தியைத் தூண்டிவிடுகிறது என்று ஒன்று. எட்டாவது வாக்கியம் இப்படி இருந்தது: என் அப்பாவின் ஆலைதான் என் பிறந்தநாளுக்கு யாரும் வராமல் செய்தது.

கீழே ஸ் என்ற எழுத்து. ஸ்கைஸ்தே. ஆலை முதலாளி வைதோதஸின் ஒரே மகள்.

அந்தத் தாளை நகலெடுத்தபோது எட்டாவதை இரண்டு தடவை படித்தேன். ஆலைக்குப் பக்கத்திலேயே தோட்டத்தோடு பெரிய வீடு கட்டியிருந்தார் வைதோதஸ். மூக்குள்ள எந்தக் குழந்தை அங்கே போய் உட்கார்ந்து கேக் தின்னும்?

இந்த வைதோதஸ்தான் பள்ளிக்குப் புது ஜன்னல்கள் போட்டுக் கொடுத்தவர். காற்றுப் புகாமல் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் ஜன்னல்கள். நாற்றத்தைக் கொடுத்தவரே நாற்றம் உள்ளே வராமலிருக்க ஜன்னலும் கொடுத்தார். நாங்கள் வரிசையாக நின்று கைதட்டினோம், தலைமையாசிரியர் ரிம்கௌதஸ் ரிப்பன் பிடித்தார், இசை டீச்சர் பாட்டுப் பாடினாள். நானும்தான் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே பார்க்கப் பிடிக்காது.

மகளின் நோட்டில் அந்தத் தாளை அவர் ஏப்ரல் மாதம் பார்த்திருக்கிறார். மறுநாளே பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் அறைக் கதவு சரியாக மூடாது, என் மேசை அதற்கு வெளியே. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. சின்னப் பிள்ளைகள் மனதில் விஷத்தை யார் ஊற்றுகிறார்கள் என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். ரிம்கௌதஸ் இல்லைங்க, ஆமாங்க என்று குழைந்தார். சர்க்கரைப் பாகு ஊற்றிய மாதிரி இருந்தது குரல். ஜிம்முக்குக் கூரை போட்டுத்தருவதாக வைதோதஸ் வாக்குக் கொடுத்திருந்தார், அது வேறு.

அவர் போனதும் எல்வீராவைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது, வரும் வருடம் இரண்டு ஆங்கில டீச்சர் தேவையில்லை, ஒருவர்தான் இருப்பார் என்றார் ரிம்கௌதஸ். இன்னொருத்தி கௌனஸிலிருந்து வந்த சின்னப் பெண், நல்லவள், அவள் பேரில் தப்பு எதுவும் இல்லை. யார் இருப்பது என்று மே மாதம் நடக்கும் திறந்த வகுப்பைப் பார்த்து முடிவு செய்வார்கள். மாவட்டத்திலிருந்து குழு வரும், பள்ளிக்கு உதவியவர் என்ற முறையில் வைதோதஸும் வந்து உட்காருவார். எல்வீரா அன்றைக்குப் பதினான்காம் தாளைத்தான் நடத்த வேண்டும், ஆனால் எல்லோரும் சந்தோஷமாகக் கேட்கிற மாதிரி வாக்கியங்கள் வேண்டும்.

கதவை உடைக்கிற மாதிரி சாத்திக்கொண்டு வெளியே வருவாள் என்று நினைத்தேன். சத்தமே இல்லாமல் வந்து என் எதிரே உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது அவளுக்கு. எங்கள் ஊரில் ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? ஆலையில் எலும்பு பொறுக்குகிற வேலைதான்.

"ரெண்டு வருஷம் தெக்லே. ரெண்டே ரெண்டு வருஷம்."

இரண்டு நாள் கழித்துப் புதுத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். சூரியன் பூக்களை மலரச் செய்கிறது. நல்ல புத்தகம் அறிவுக்கு வழிவகுக்கிறது. புது ஜன்னல்கள் வகுப்பறையில் கதகதப்பை விளைவிக்கின்றன. எட்டு வாக்கியம், எட்டும் வழுவழுவென்று. எதன் கீழும் எழுத்து இல்லை. புழு வைத்த இறைச்சியை வினிகரில் கழுவிக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. என்ன செய்தேன்? முப்பது நகல் எடுத்துக் கொடுத்தேன்.

திறந்த வகுப்பு என்றால் எங்கள் பள்ளிகளில் ஒரு கூத்து உண்டு. வெளி ஆட்கள் வந்து உட்காரும் வகுப்பை ஒரு வாரம் முன்னாலிருந்தே பிள்ளைகளோடு ஒத்திகை பார்த்துவிடுவார்கள். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலக்கை, தெரியாதவன் இடக்கை. டீச்சர் வலக்கைகளில் ஒன்றைக் கூப்பிடுவாள். பார்க்க வந்தவர்களுக்கு வகுப்பு முழுக்க அறிவாளிகள் என்று தோன்றும். பார்க்க வந்தவர்களும் டீச்சராக இருந்தவர்கள்தானே, அவர்களும் அப்படித்தான் ஒத்திகை பார்த்திருப்பார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார்கள். எல்வீரா இதுவரை ஒரு தடவைகூட இதைச் செய்ததில்லை. செய்கிறவர்களைக் குரங்காட்டி என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

அந்த வாரம் சாக்குக்கட்டி கொடுக்க அவள் வகுப்புக்குப் போனேன். இடக்கை, வலக்கை என்று பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தாள். குரலில் உயிரே இல்லை. சூரியன் வாக்கியம் ஸ்கைஸ்தேக்கு. அப்பா எதிரே அவள்தான் சொல்ல வேண்டும், ரிம்கௌதஸின் ஏற்பாடு. ஸ்கைஸ்தே தாளைப் புரட்டிப் பார்த்தாள், ஒல்லியான, அதிகம் பேசாத பெண்.

"டீச்சர், இது யாரு கொண்டுவந்த வாக்கியம்? கீழ எழுத்து இல்லையே."

எல்வீரா தாளைப் பார்த்தபடி, அடுத்த வாக்கியம் என்றாள். இருபத்தேழு பிள்ளைகளும் அவளையே பார்த்தார்கள். அழுகின காய்கறியைப் பார்ப்பதைப் போன்ற பார்வை.

நடைபாதையில் அவளை நிறுத்தினேன். எனக்கு அடக்க முடியவில்லை.

"உன்னப் பாத்தா அருவருப்பா இருக்குடி."

"எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. நல்ல வெயில், தெற்குக் காற்று. ஜன்னல்களை இறுக்கி மூடியிருந்தோம். ஆனாலும் உள்ளே வந்திருந்தது. இருபத்தேழு பிள்ளைகளின் வியர்வை, குழுவிலிருந்த மூன்று பெண்களின் வாசனைத் திரவியம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வெந்த பிணம். பக்கத்து அறையில் நான் காலையிலேயே அடுக்கி வைத்த மீன் ரொட்டித் துண்டுகளும் நெப்போலியன் கேக்கும் அவர்களுக்காகக் காத்திருந்தன. கூட்டக் குறிப்பு எழுத நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் வைதோதஸ், இஸ்திரி போட்ட சட்டையோடு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு. பக்கத்தில் ரிம்கௌதஸ்.

சொற்களைப் படிப்பது நன்றாகவே போனது. எல்வீரா ஆங்கிலத்தில் சொல்வாள், பிள்ளைகள் நம் மொழியில் சொல்வார்கள். எட்டுச் சொல்லும் முடிந்தன. பிறகு, உண்டாக்குவதற்கு ஒரு வாக்கியம் யார் சொல்வது என்று கேட்டாள்.

கைகள் எழுந்தன. இருபத்தேழும்.

குழுத் தலைவி, நரைத்த தலையோடு கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், முகம் மலர்ந்து எழுத ஆரம்பித்தாள். வைதோதஸ் தன் மகளும் கை தூக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு ரிம்கௌதஸின் முழங்கையை இடித்துக் காட்டினார். பெற்றவனுக்கு என்ன பெருமை பாருங்கள். நான் பின்னாலிருந்து பார்த்தேன். எல்லாமே இடக்கை. ஒரு வலக்கை இல்லை.

எல்வீரா அதைப் பார்த்துவிட்டாள். மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்ன விதியை வைத்தே பிள்ளைகள் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். யாரைக் கூப்பிட்டாலும் தெரியாது என்றுதான் சொல்லப்போகிறார்கள், வேலை போய்விடும். ஒரே வழி, இந்தக் கேள்விக்குத் தானே விடை சொல்லி முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவது. குழுவும் கண்டுகொள்ளாது. செய்துவிடுடி என்று எனக்குள் நானே முணுமுணுத்தேன். அவளைப் பார்த்து அருவருப்பாக இருக்கிறது என்று சொன்ன அதே நாக்குதான்.

"ஸ்கைஸ்தே," என்றாள் எல்வீரா.

ஸ்கைஸ்தே எழுந்தாள்.

"சூரியன் வாக்கியம் எனக்குத் தெரியல டீச்சர். என்னோடது தெரியும். அதச் சொல்லட்டுமா?"

ரிம்கௌதஸ் இருமினார். தலைமையாசிரியர்கள் இருமுகிற ஒரு இருமல் உண்டு, ஊரில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். எல்வீரா அவர் பக்கம் திரும்பவில்லை.

"சொல்லும்மா."

ஸ்கைஸ்தே ஆங்கிலத்தில் சொன்னாள். தெளிவாக, திக்காமல், ஒரு தப்பில்லாமல். வைதோதஸுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. மகள் வெள்ளைக்காரி மாதிரிப் பேசுகிறாள் என்று வாயெல்லாம் பல்லாகத் தலையை ஆட்டினார். குழுத் தலைவிக்கு ஆங்கிலம் தெரியும். அவள் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டுக்கொள்ளவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நன்று, உட்கார் என்று சொல்லியிருந்தால் போதும். வைதோதஸ் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார், கூரை வந்திருக்கும், எல்வீராவுக்கு இரண்டு வருடம் கிடைத்திருக்கும். தலைவி வாயைத் திறக்கமாட்டாள், அது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. வகுப்பு முழுக்க எல்வீராவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப நம்ம பாஷையில."

ஸ்கைஸ்தே அப்பா பக்கம் திரும்பி நின்று சொன்னாள்.

"என் அப்பாவோட ஆலைதான் என் பிறந்தநாளுக்கு யாரும் வராம செஞ்சது."

வைதோதஸின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. அவர் எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், மகளையும் பார்க்காமல் வெளியே போனார். அவருக்காக நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். அந்த ஒரு நிமிடம் வருத்தப்பட்டேன்.

எல்வீரா அடுத்த சொல்லைக் கேட்டாள். இருபத்தேழு வலக்கைகள் எழுந்தன. வாந்தி எடுக்கும் அம்மா வந்தாள், டப்ளினுக்குப் போன அத்தை வந்தாள், பாலத்தில் விழுந்த அண்ணன் வந்தான். மணி அடிக்கும் வரை ரிம்கௌதஸ் இருமிக்கொண்டே இருந்தார்.

பக்கத்து அறையில் குழு மீன் ரொட்டியைத் தின்றது. அந்த நாற்றத்தில் எப்படித்தான் இறங்கியதோ. குழுத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேக் துண்டு ஒன்று அவள் உதட்டோரத்தில் ஒட்டியிருந்தது.

"இருபது வருஷமா வகுப்பு பாக்கறேன். இப்படி ஒண்ணு பாத்ததில்லங்க."

மறு வாரம் அதே கையால் எழுதிய அறிக்கை வந்தது. பாடம் போதுமான தயாரிப்பின்றி நடத்தப்பட்டது, மாணவர்களின் வாக்கியங்கள் பாடத்தின் நோக்கத்துக்குப் பொருந்தவில்லை, கௌனஸ் டீச்சரைத் தொடரச் செய்யலாம். அதைக் கோப்பில் சேர்த்துவிட்டுக் குழாயடியில் போய்க் கை கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன்.

ஜூன் மாதம் ரிம்கௌதஸ் என்னை உள்ளே கூப்பிட்டு வேலை நீக்க உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததால் பணியிடம் நீக்கப்படுகிறது, அவ்வளவுதான். வைதோதஸ் இல்லை, தாள் இல்லை, ஸ்கைஸ்தே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். இது பொய்யென்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் ஓய்வூதியத்துக்கு மூன்று வருடம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து அழகாகத் தட்டச்சு செய்து முத்திரை போட்டு வைத்தேன்.

எல்வீரா கையெழுத்துப் போட வந்தாள். பழுப்புக் கோட்டு இல்லை, கோடைகாலம். நின்றபடியே படித்தாள்.

"யாரு எழுதினது?"

ஹெச்.எம். சொன்னதைத்தான் போட்டேன் என்றேன்.

"அவர் சொன்னது தெரியுது. அடிச்சது யாருன்னு கேட்டேன்."

காற்று சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கிற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் என் தொண்டையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்தான் எல்வீரா."

அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"ஒரு பிழைகூட இல்ல," என்றாள். அத்தனை வருடத்தில் என் தட்டச்சை அவள் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.